பார்க்கில் பூட்டிக்கொண்ட கியர்

எஞ்சின் ஓடுகிறது, கால் பிரேக்கில் இருக்கிறது, ஆட்டோமேட்டிக் காரின் கியர் லிவர் மட்டும் 'பி'யை, அதாவது பார்க்கை, விட்டு நகர மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று வயிற்றில் புளி கரைக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காரின் பின்பக்கத்தை. நீங்கள் பிரேக்கை மிதித்தபடி இருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இன்னொருவர் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.

விளக்குக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்? பிரேக் பெடலுக்கு மேலே சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. பெடல் இறங்கினால் பின்விளக்கு எரியும். பல கார்களில் அதே ஸ்விட்சின் தகவல்தான் லிவருக்கு அடியிலுள்ள சோலனாய்டையும் இயக்கும். கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் பாய, உள்ளிருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு, லிவரின் பூட்டு விலகும்.

இந்தப் பூட்டு பரவியதற்குப் பின்னால் ஒரு பெரிய ரகளை இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில், ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அதைக் காட்டியது. அங்கே ஆடி விற்பனை படுத்துவிட்டது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலான சம்பவங்களுக்குக் காரணம் என்று 1989இல் அரசு ஆய்வு சொன்னது. அதற்கு முன்பே, பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியர் வராதபடி ஆடி பூட்டுப் போட்டிருந்தது. பின்னர் அங்கே சட்டமே வந்தது: 2010 செப்டம்பர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 4,536 கிலோவுக்கு மிகாத ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது கட்டாயம். நிறுத்திய காரில் ஏறி விளையாடும் குழந்தை லிவரை இழுத்துவிடக் கூடாதே!

விளக்கு எரியவில்லை என்றால் ஃப்யூஸையோ ஸ்விட்சையோ சந்தேகிக்கலாம். இரண்டும் மலிவான சாமான்கள். எரிந்தால், எஞ்சினை அணைத்து இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்துக் காது கொடுங்கள். லிவர் பக்கம் 'டிக்' என்று கேட்காவிட்டால் சோலனாய்டோ வயரோ பழுதாகியிருக்கலாம். டிக் கேட்டும் லிவர் வரவில்லையா? கோளாறு மின்சாரத்தில் இல்லை. கப் ஹோல்டரிலிருந்து சிந்திய குளிர்பானம் உள்ளே பிசினாய்க் காய்ந்திருக்கலாம்; லிவரின் பட்டன் உள்ளே உடைந்திருக்கலாம்.

சரிவில் நிறுத்திய கார் என்றால் பழுதே இல்லாமலும் இறுகும். பார்க்கில், கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி பற்சக்கரத்தில் விழுந்து அதைப் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் போடாமல் விட்டால் காரின் பாரம் முழுக்க அந்தச் சின்னக் கொக்கியின் மேல்தான். காரை மேட்டுப் பக்கம் லேசாகத் தள்ளினால் பிடி தளரும். அடுத்த முறை பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசியாகப் பார்க்கில் போடுங்கள்.

பெடலில் ஸ்விட்சை அழுத்தும் பிளாஸ்டிக் குமிழ் நொறுங்கினால் கதை தலைகீழ். பின்விளக்கு அணையவே அணையாது, பேட்டரி இறங்கும், பிரேக்கை மிதிக்காமலே லிவர் வந்துவிடும். மாட்டிக்கொள்வதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவசரத்துக்கு, பல கார்களில் லிவர் ஓரம் ஒரு சின்ன மூடி இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் லிவர் விடுபடும். ஆனால் பிரேக் விளக்கு எரியாத வண்டி என்றால், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரியாது. மெக்கானிக்கை இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.