வலிப்பை நிறுத்துவது சாவிக்கொத்தா?

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் யாருக்காவது வலிப்பு வந்தால், முதலில் எழும் குரல் “இரும்பு குடுங்கப்பா!” என்பதாகத்தான் இருக்கும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் வெட்டல் நிற்கும். பெயர் சாவிக்குப் போகும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே அடங்குபவை.

எப்படி? நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிக்கும்போது, அபினைப் போலவே செயல்படும் பெப்டைடுகளை மூளையே சுரக்கிறது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவற்றுள் ஒன்றான டைனார்ஃபின், நரம்பணுக்களின் கப்பா ஏற்பிகளில் ஒட்டி, தூண்டிவிடும் குளூட்டமேட் வெளிவருவதைக் குறைக்கிறது. வலிப்பை அடக்கும் பல வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தப் பெப்டைடு குடும்பத்தில் எல்லாருமே சாதுக்கள் இல்லை. 1975இல் ஆய்வாளர்கள் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையில் கண்டறிந்த என்கெஃபலின், கடிவாளமாக இருக்கும் அணுக்களையே அடக்கி, சில நேரம் வலிப்பைத் தூண்டியும் விடும்.

சாவியைத் தேடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.