நோயெதிர்ப்புக் குறிகை மரபணுவை ஒடுக்குதல்: வைரஸ் கடத்திகளின் பயனும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மரபணுவின் பணியை அறிய, அதன் செயலை ஒடுக்கி விளைவைக் காண்பது உயிரியலில் நிலைபெற்ற முறையாகும். பாலூட்டிகளின் உயிரணுக்களில் இதற்கு வைரஸ் கடத்திகள் பெரிதும் பயன்படுகின்றன. ஆயின், ஆராயப்படும் மரபணு நோயெதிர்ப்பைச் சார்ந்ததாயின், கடத்தியாக வரும் வைரஸே அந்நோயெதிர்ப்பைத் தூண்டிவிடக்கூடும். காரைக்குடியில் நடைபெறும் புழு ஆய்வுகளையும் வேலூர் மருத்துவ ஆய்வுகளையும் துணைக்கொண்டு இச்சிக்கலையும் அதற்குரிய கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபணு ஒடுக்கம், வைரஸ் கடத்தி, நோயெதிர்ப்புக் குறிகை, ஆர்.என்.ஏ. குறுக்கீடு, கட்டுப்பாட்டுச் சோதனை

1. முன்னுரை

நோய்க்கிருமி உடலினுள் நுழைந்ததை உயிரணுவின் ஏற்பிகள் உணர்கின்றன. அச்செய்தி பல புரதங்களின் வழியே கைமாறி உட்கருவை அடைகிறது. அங்கே எதிர்ப்புக்குரிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இத்தொடரே நோயெதிர்ப்புக் குறிகைப் பாதை எனப்படும். பி38, என்.எஃப். காப்பா-பி ஆகிய புரதங்கள் இத்தகைய பாதைகளில் முதன்மையானவை. இப்பாதை மந்தமானால் தொற்று வெல்லும். மிகையானால் அழற்சி உடலையே வருத்தும். எனவே எந்த மரபணு எப்பணியைச் செய்கிறது என்பதில் நேரும் பிழை, மருந்து ஆய்வைத் தவறான இலக்கை நோக்கிச் செலுத்திவிடும்.

2. காரைக்குடியின் புழு மாதிரி

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உயிர்த்தொழில்நுட்பவியல் துறையில் பேராசிரியர் பாலமுருகன் தலைமையிலான குழுவினர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவைக் கொண்டு நோயெதிர்ப்பை ஆராய்ந்து வருகின்றனர். ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள இப்புழுவுக்கு எதிர்ப்புப்பொருள்களை உருவாக்கும் ஆற்றல் இல்லை. பிறவி நோயெதிர்ப்பு மட்டுமே உண்டு. மனிதரின் பி38 புரதத்துக்கு இணையாகப் புழுவில் பி.எம்.கே.-1 உள்ளது. இப்பாதை பழுதுற்ற புழுக்கள் சூடோமோனாஸ் தொற்றில் விரைந்து மடிகின்றன என்பது 2002-இல் அமெரிக்க ஆய்வொன்றில் வெளிப்பட்டது. கிளெப்சியெல்லா தொற்றில் இதே பாதையின் பங்கினைக் காரைக்குடிக் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

இப்புழுவில் ஒரு மரபணுவை ஒடுக்க வைரஸ் தேவையில்லை. ஈரிழை ஆர்.என்.ஏ. தனக்கு ஒத்த மரபணுவின் செய்தியை அழிக்கிறது என்பதை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 1998-இல் இப்புழுவிலேயே கண்டறிந்தனர். அதற்காக 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். தேவையான ஈரிழை ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் ஈ. கோலை பாக்டீரியாவைப் புழுவுக்கு உணவாக அளித்தாலே போதும். ஒடுக்கம் குடலிலிருந்து பிற திசுக்களுக்கும் பரவுகிறது.

3. பாலூட்டிகளில் வைரஸ் தேவைப்படுவது ஏன்?

பாலூட்டிகளில் இவ்வெளிய வழி பயன்படாது. ஏறத்தாழ 30 இணைகளுக்கு மேல் நீண்ட ஈரிழை ஆர்.என்.ஏ. உயிரணுவினுள் புகுந்தால், அதனை வைரஸ் தொற்றின் அடையாளமாகக் கொண்டு உயிரணு இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. 21 அலகு நீளமுள்ள குறு ஆர்.என்.ஏ. இவ்வெச்சரிக்கையைப் பெரிதும் தவிர்த்து ஒடுக்கத்தை நிகழ்த்தும் என்பது 2001-இல் உறுதியாயிற்று. ஆயினும் நேரடியாக அளிக்கப்படும் குறு ஆர்.என்.ஏ.வின் விளைவு, பிரிந்து பெருகும் உயிரணுக்களில் சில நாள்களில் தேய்ந்துவிடுகிறது.

நீடித்த ஒடுக்கத்துக்கு, கொண்டையூசி வடிவில் மடியும் ஆர்.என்.ஏ.வுக்கான டி.என்.ஏ. வரிசை ஒரு வைரஸ் கடத்தியில் வைத்து அனுப்பப்படுகிறது. பெருகும் திறன் நீக்கப்பட்ட அவ்வைரஸ், வரிசையை உயிரணுவில் சேர்ப்பதோடு நின்றுவிடும். அங்கே உருவாகும் கொண்டையூசி ஆர்.என்.ஏ.வை டைசர் நொதி வெட்டிக் குறு ஆர்.என்.ஏ.வாக்குகிறது. ஆர்கோநாட் புரதம் அதனை வழிகாட்டியாகக் கொண்டு இலக்குச் செய்தியைத் துண்டிக்கிறது. லென்டிவைரஸ் உயிரணுவின் மரபுத்தொகுதியில் இணைவதால் உயிரணு பிரிந்த பின்னும் ஒடுக்கம் தொடரும். அடினோ சார்ந்த வைரஸ் பெரும்பாலும் இணையாது தனித்து நிற்பதால் கல்லீரல், நரம்பு போன்ற மெல்லப் பிரியும் அல்லது பிரியாத உயிரணுக்களுக்கு ஏற்றது.

4. கடத்தி நடுநிலையானதா?

சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது. கொண்டையூசி ஆர்.என்.ஏ. கடத்திகள் சில, பாலூட்டி உயிரணுக்களில் இன்டர்ஃபெரான் சார்ந்த மரபணுக்களை இயக்கியதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடினோ சார்ந்த வைரஸ் கடத்தி என்.எஃப். காப்பா-பி பாதையைத் தூண்டுவதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஜெயந்தரனும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினரும் இணைந்து 2011-இல் வெளியிட்டனர். அப்பாதையைத் தடுக்கும் மருந்தை முன்னதாக அளித்தபோது எலிகளில் கடத்திக்கெதிரான அழற்சி விளைவு தணிந்தது.

மிகை அளவும் தீங்கு செய்யும். 2006-இல் எலிகளின் கல்லீரலில் சோதிக்கப்பட்ட 49 கொண்டையூசிக் கடத்திகளுள் 36 கல்லீரலைச் சிதைத்தன. அவற்றுள் 23 இறப்பில் முடிந்தன. உயிரணு தன் சொந்தக் குறு ஆர்.என்.ஏ.க்களை வெளிக்கொணரும் வழியை இக்கொண்டையூசிகள் நிரப்பிவிட்டதே காரணமெனக் கருதப்பட்டது.

புழுவும் இதற்கு விலக்கன்று. ஒடுக்கத்துக்கான எச்.டி.115 வகை ஈ. கோலையும் வழக்கமான உணவாகிய ஓ.பி.50 வகையும் புழுவின் உடலியலில் ஒரே விளைவைத் தருவதில்லை. மேலும், ஆர்.என்.ஏ. குறுக்கீடே புழுவின் வைரஸ் எதிர்ப்பு முறையாகும். 2011-இல் விவரிக்கப்பட்ட ஓர்சே வைரஸ், குறுக்கீட்டுத் திறன் இழந்த புழுக்களில் மிகுதியாகப் பெருகியது. ஆக, நோயெதிர்ப்பை அளக்கப் பயன்படும் கருவியே நோயெதிர்ப்பின் ஓர் உறுப்பாக உள்ளது.

5. பிரித்தறியும் முறைகள்

ஒடுக்கத்தின் விளைவைக் கடத்தியின் விளைவிலிருந்து பிரித்தறிய ஐந்து சோதனைகள் இன்றியமையாதவை.

அ. கடத்தி பெறாத உயிரணுக்களை மட்டுமன்றி, எம்மரபணுவையும் குறிவைக்காத கொண்டையூசியைச் சுமந்த கடத்தி பெற்றவற்றையும் ஒப்பிடுதல். புழு ஆய்வில் செருகல் இல்லாத பிளாஸ்மிட் கொண்ட அதே எச்.டி.115 வகையே ஒப்பீடாக அமைய வேண்டும்.

ஆ. ஒரே மரபணுவின் இரு வேறு பகுதிகளைக் குறிவைக்கும் கொண்டையூசிகளைத் தனித்தனியே சோதித்தல். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் தற்செயல் பிழைக்கு இடம் குறையும்.

இ. கொண்டையூசிக்கு அகப்படாதவாறு வரிசை மாற்றப்பட்ட அதே மரபணுவைத் திரும்ப அளித்தல். பழைய நிலை மீளுமாயின் காரணம் அம்மரபணுவே எனத் துணியலாம்.

ஈ. இன்டர்ஃபெரான் சார்ந்த மரபணுக்களின் அளவை ஒவ்வொரு தொகுதியிலும் அளத்தல்.

உ. ஒடுக்கத்துக்குப் போதுமான மிகக் குறைந்த அளவையே பயன்படுத்துதல்.

இந்தியாவில் இவ்வாய்வுகள் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பில் நடைபெறுகின்றன. விலங்குச் சோதனைக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் தனியே தேவை.

6. முடிவுரை

வைரஸ் கடத்தியைக் குறித்த கவனம் ஆய்வகத்தோடு முடிவதில்லை. வேலூரில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்தம் குருதி மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸால் மரபணுவைச் சேர்த்து, மீண்டும் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. அது மரபணுவை ஒடுக்குவதன்று, சேர்ப்பது. ஆயினும் கடத்தியை நேரே உடலினுள் செலுத்தாத அம்முறை, அடினோ சார்ந்த வைரஸுக்கு முன்பே எதிர்ப்புப்பொருள் கொண்டவர்களுக்கும் வாய்ப்பளிக்கிறது. காரைக்குடியில் பாக்டீரியாவை உண்ணும் புழுவாயினும் வேலூரில் சிகிச்சை பெறும் நோயாளியாயினும், மரபணுவைக் கொண்டுசெல்லும் ஊர்தியை உடல் கவனிக்கிறது. ஆய்வாளரும் அதனை அளந்தாக வேண்டும். தக்க ஒப்பீடின்றி வெளியாகும் ஒடுக்க முடிவு, மரபணுவைப் பற்றியதா கடத்தியைப் பற்றியதா என்று கூற இயலாத முடிவாகவே எஞ்சும்.