ஹெலிகாப்டருக்குள் ஒரு பம்பரம்

சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. ஓய்ந்ததும் சாய்ந்து விழுகிறது. தெருவில் நாம் அனைவரும் கண்ட காட்சிதான் இது. 1852ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லியோன் ஃபூக்கோ, வளையங்களுக்குள் ஒரு சக்கரத்தைத் தாங்கவைத்துச் சுழற்றி, பூமி உருள்வதை அதன் வாயிலாகக் காட்டினார். ஜைராஸ்கோப் என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி, வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தை எழுப்பவும் இறக்கவும் செய்தார். அக்கருவிகளுள் முதன்மையானது, ஜைரோவால் இயங்கும் செயற்கை அடிவானம்.

மேகத்தினுள் புகுந்த மனிதனுக்கு மேல் எது, கீழ் எது என்பதில் தன் செவியே பொய்ச்சான்று கூறும். சாதாரண விமானம் கைவிட்டாலும் சற்று நேரம் நேரே செல்லும். ஹெலிகாப்டருக்கோ பெரும்பாலும் அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே அடிவானங்காட்டி தவறினால் திருத்திக்கொள்ளக் கிடைப்பது சில விநாடிகளே. புதிய ஹெலிகாப்டர்கள் பலவற்றில் சுழலும் சக்கரத்துக்குப் பதிலாக வேறுவகை உணர்கருவிகள் வந்துவிட்டன. எனினும் பழையவற்றில் சக்கரம் இன்றும் சுழல்கிறது. நேயர்களுள் பட்டறைப் பயிற்சி பெறும் இளைஞர் சிலர் இருக்கக்கூடும். இப்பேச்சு அவர்களை முன்னிட்டது.

விநாடிக்கு 400 சுழற்சியுடைய மும்முனை மின்சாரத்தில், இரு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 24,000 சுற்றுவரை நெருங்கக்கூடும். அவ்வேகத்தைத் தாங்குவன மிளகளவேயான எஃகுக் குண்டுகள் கொண்ட பேரிங்குகள். கருவியை ஓர் அங்குல உயரத்திலிருந்து வன்மேசைமீது ‘தொப்’பென்று வைத்தாலும் போதும், குண்டு தன் பாதையில் ஒரு பள்ளத்தைப் பதித்துவிடலாம். அப்பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. வெளிக்கூட்டிலும் கீறல் இராது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓரிடத்தில், பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் அடிவானங்காட்டியை நான்கு விரற்கடை உயரத்தில் நழுவவிட்டார். கண்ணாடி உடையவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. சோதனை மேசையில் கருவி நன்றாகவே ஓடிற்று. கையொப்பமிட்டவன் நானே. இரண்டு வாரம் கழித்துத் திரும்பிவந்த விமானி, “மலையோரம் மேகத்தில் நுழைந்தபோது அடிவானம் மெல்ல மெல்ல வலப்புறம் சாய்ந்தது, எச்சரிக்கைக் கொடி தலைகாட்டவில்லை. பக்கத்துக் கருவி வேறு கதை சொன்னதால் ஐயுற்றுத் தப்பினேன்” என்றார். அக்கொடி மின்சாரம் நின்றதையே அறிவிக்கும். பேரிங்கின் நோயை அது அறியாது. அன்று மாலை அத்தம்பி தாமாகவே வந்து நடந்ததைச் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. விழுந்ததைச் சொன்னவனுக்கு அபராதம் என்னும் வழக்கத்தை வைத்திருந்தவர்கள் நாங்களல்லவா! மறுநாளே அவ்வழக்கத்தை நீக்கினோம். விழுந்த கருவிக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவது, ஆளைக் கேள்வி கேட்பதில்லை என்று ஆயிற்று.

கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்தியவுடன் கை வைக்கலாகாது. சக்கரம் ஓயப் பல நிமிடம் பிடிக்கும். ஓயாத ஜைரோவைச் சாய்த்தால், தள்ளிய திசையில் போகாமல் குறுக்கே பாய்ந்து வளையங்களை மோதவைக்கும். ஓசை முற்றும் அடங்கிய பின் இரு கைகளாலும் எடுத்து, பஞ்சணை இட்ட அதன் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பூட்டும் விசை உள்ள கருவியானால், அதன் கையேடு சொல்லும் முறைப்படி பூட்டிய பின்னரே எடுத்துச் செல்ல வேண்டும்.

பழுது என்றதும் கருவியைக் கழற்றுவது நம்மவர் வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். மும்முனையில் ஒரு முனை அறுந்தால் சக்கரம் உரிய வேகம் பெறாது. இரு கம்பிகள் இடம் மாறினாலோ அது எதிர்த்திசையில் சுழலும். அப்போது பல கருவிகளில், அடிவானத்தை நிமிர்த்த வேண்டிய அமைப்பே அதைக் கவிழ்க்கும். அடுத்து ரப்பர்த் தாங்கிகள். மூன்று இறக்கைகள் கொண்ட சுழலி நிமிடத்துக்கு 350 முறை சுற்றினால், இறக்கைகள் தரும் அதிர்வு ஆயிரத்தைத் தாண்டும். இறுகிப்போன ரப்பர் அவ்வளவையும் கருவிக்கே கொடுத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தாலும், ஓயும் நேரம் முன்பைவிடக் குறைந்தாலும் பேரிங்கையே ஐயுறலாம். ஓயும் நேரத்தை ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

நோயல்லாத நோயும் உண்டு. ஈடுசெய்யும் அமைப்பில்லாத திசைகாட்டும் ஜைரோ, பூமி சுழல்வதால் மட்டுமே சென்னையில் மணிக்கு 3 பாகைக்குச் சற்று மேல் விலகும். அதனோடு உராய்வின் விலகலும் சேர்வதால், ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை விமானி அதைக் காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார். இதைப் பழுதென்று எண்ணிக் கருவியைத் திறந்தவர்களை நான் அறிவேன்.

திறப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. மிகப் பழைய கருவிகளின் முகப்பில் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சு இருக்கலாம். ஒளி மங்கிவிட்டதே என்று அதனைச் சுரண்டலாகாது. மங்கியது ஒளிரும் பொருள் மட்டுமே. ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கருவியின் கண்ணாடி விண்டிருந்தால் வெறுங்கையால் தொடாமல் பையிலிட்டு மூடி, அதற்குரிய பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.