காலை ஷிப்ட்டுக்குப் போன 73 பேர்

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 106, 107-வது மாடிகளில் இயங்கிய உணவகம் ‘விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்’. ஜோ பாம் என்ற உணவக வல்லுநர் 1976-ல் உருவாக்கியது. 1993-ல் அந்த மையத்தில் நடந்த குண்டுவெடிப்பால் மூடப்பட்டு, 1996-ல் மீண்டும் திறந்தது. 2000-ஆம் ஆண்டில் சுமார் 3.7 கோடி டாலர் வியாபாரம். அமெரிக்காவிலேயே அதிக வருமானம் பார்த்த உணவகம் அப்போது அதுதான். வானத்திலிருந்து நகரத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று வந்தவர்களுக்குச் சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் பெரும்பாலும் வங்கதேசம், ஈக்வடார், மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2001 செப்டம்பர் 11 காலையில் அங்கே ஒரு நிதித்துறைக் கருத்தரங்கு. காலைச் சிற்றுண்டிக்காக 73 ஊழியர்கள் வேலையில் இருந்தார்கள். 8:46 மணிக்குப் பயங்கரவாதிகள் கடத்திய விமானம் 93 முதல் 99 வரையிலான மாடிகளில் மோதியது. கீழே இறங்கும் மூன்று படிக்கட்டுகளும் துண்டிக்கப்பட்டன. 10:28-க்குக் கோபுரம் சரிந்தது. அந்த 73 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தலைமைச் சமையல் வல்லுநர் மைக்கேல் லொமோனாகோ, மூக்குக் கண்ணாடிக்காகக் கீழ்த்தளத்துக் கடைக்குப் போயிருந்ததால் தப்பினார்.

உணவக வேலையில் டிப்ஸ் கொழிப்பது இரவு ஷிப்ட்டில்தான். ஆனால் காலை ஷிப்ட்டுக்கு வேறு ஒரு வசதி உண்டு: விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பினாலும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அப்பா வீட்டில் இருக்கலாம். குடும்பஸ்தர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

இறந்தவர்களைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்த ஆண்டு இறுதிவரை நாள்தோறும் சிறு குறிப்புகள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 சொற்கள். பதவியும் சம்பளமும் அதில் பின்னுக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சமைப்பார், மகளை எப்படிக் கூப்பிடுவார் என்பது போன்ற வீட்டுச் செய்திகள் முன்னுக்கு வந்தன. முதலீட்டு நிறுவனத் தலைவருக்கும் பாத்திரம் கழுவியவருக்கும் ஒரே அளவு இடம். பத்திரிகை செய்த நியாயம் அது.

அரசின் இழப்பீட்டு நிதி அப்படி அமையவில்லை. இறந்தவர் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்ற கணக்கில் தொகை நிர்ணயிக்கப்பட்டதால், ஒரு குடும்பத்துக்கு 2.5 லட்சம் டாலர், இன்னொன்றுக்கு 70 லட்சத்துக்கும் மேல் என்று வித்தியாசம் விழுந்தது. முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களின் குடும்பங்களும் விண்ணப்பிக்க முடிந்தது என்பது ஆறுதல். இனி இப்படி ஒரு நிதி வந்தால் எல்லா உயிருக்கும் ஒரே தொகை தர வேண்டும் என்று, அதை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்க் பிற்பாடு எழுதினார். சரியான முடிவு, அந்தக் குடும்பங்களுக்குத்தான் அது காலம் கடந்து வந்தது.

அந்தக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தது உணவகத் தொழில்தான். லொமோனாகோவும் நண்பர்களும் ‘விண்டோஸ் ஆஃப் ஹோப்’ என்ற உதவி நிதியைத் தொடங்கினார்கள். அக்டோபர் 11 அன்று ஆயிரக்கணக்கான உணவகங்கள் அன்றைய வசூலில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தன. உலக வர்த்தக மையத்தில் உணவு வேலை பார்த்து இறந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கும் குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்தப் பணம் பயன்பட்டது.

அன்று காலை வேலையில் இல்லாததால் உயிர் தப்பிய ஊழியர்களோ வேலையை இழந்து நின்றார்கள். அங்கே சர்வராக இருந்த ஃபெக்காக் மம்தூ, வழக்கறிஞர் சாரு ஜெயராமனுடன் சேர்ந்து 2002-ல் உணவகத் தொழிலாளர்களுக்காக ஓர் அமைப்பை நிறுவினார். அதன் முயற்சியில், 2006 ஜனவரியில் மன்ஹாட்டனில் ‘கலர்ஸ்’ உணவகம் திறந்தது. தொழிலாளர்களே முதலாளிகள். உணவுப் பட்டியலில் அவர்கள் சொந்த வீட்டுப் பக்குவங்கள் இடம்பெற்றன: ஊரில் அம்மாவும் பாட்டியும் செய்தவை, பெரிய உணவகத்தில் எப்போதும் அடுத்தவர் ருசிக்கே சமைத்த கைகளால் செய்யப்பட்டன.

2011-ல் திறந்த நினைவிடத்தில், கோபுரங்கள் நின்ற இடங்களில் இரண்டு நீர்த்தடாகங்கள் இருக்கின்றன. சுற்றிலும் வெண்கலப் பலகைகளில் 2,983 பெயர்கள். அகரவரிசையோ பதவி வரிசையோ கிடையாது. சேர்ந்து வேலை செய்தவர்களின் பெயர்கள் அருகருகே இருக்கின்றன. உணவக ஊழியர்களின் பெயர்கள் வடக்குத் தடாகத்தில் உள்ளன. ஒவ்வொருவர் பிறந்தநாளன்றும் அவரவர் பெயரின் எழுத்துப் பள்ளத்தில் ஒரு வெள்ளை ரோஜா செருகப்படுகிறது.