படத்துக்கு ஒரு மாற்றுரை

தெற்கு லண்டனில் மிச்சம் பகுதித் தமிழருக்கு வரும் விழா அழைப்புகள் பலவும் படங்களே. தேர்த்திருவிழா நாள், மண்டப முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வண்ணச் சுவரொட்டிக்குள் அடங்கியிருக்கும். பார்வையற்றவர் அதை இணையத்தில் திறந்தால் அவருடைய திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லும். சில வேளை கோப்பின் பெயரைப் படிக்கும். விழா என்றைக்கு என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளே திரைவாசிப்பான். பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். படத்துக்கென்று நிரலில் நாம் எழுதிவைக்கும் சிறு விளக்கம்தான் அந்த எழுத்து: மாற்றுரை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லுக்கு 1995இல் வந்த 2ஆம் வரையறையிலேயே அதற்கு இடம் உண்டு. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் மாற்றுரை முதலியவை இல்லாததை எதிர்த்து புரூஸ் மகுவையர் என்ற பார்வையற்றவர் முறையிட்டு 2000இல் வென்றார். அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கிடைத்தது.

படம் அங்கே எதற்காக இருக்கிறதோ, அதையே மாற்றுரை சொல்ல வேண்டும். மிச்சம் கிரிக்கெட் திடலின் படம் ஊர் வரலாற்றுக் கட்டுரையில் வந்தால், 'வீடுகள் சூழ்ந்த பழைய புல்திடல்' என்று எழுதலாம். போட்டிச் செய்தியில் வந்தால் யார் பந்து வீசுகிறார், யார் மட்டை பிடிக்கிறார் என்பதே முக்கியம். 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம். அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். வெறும் அலங்காரப் பூவேலையாக இருந்தால் மாற்றுரையை வெறுமையாக விட வேண்டும். குரல் அதைத் தாண்டிச் செல்லும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும்.

பிரிட்டனில் 2018இல் வந்த விதிகளின்படி நகராட்சி போன்ற பொது அமைப்புகளின் தளங்களுக்கு மாற்றுரை கட்டாயம். நம் கோயில்களும் சங்கங்களும் பெரும்பாலும் அந்த விதிகளுக்குள் வருவதில்லை. ஆகவே அங்கே இது நம் பொறுப்பு. சுவரொட்டியில் விவரம் நிறைய இருந்தால் அத்தனையையும் படத்தின் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அப்படியே. எல்லோரையும் அழைக்கும் விழாவின் நாளும் நேரமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.