மழைக்காலமும் மர்ம நாவலும்: லயத்தைச் சுற்றி வந்த புத்தகங்கள்

ரெங்கம் - ஆண்டிறுதி மழை பிடித்துக்கொண்டால் பால்மரக் காட்டில் கத்திக்கு ஓய்வுதான். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெங்கும் பரவிவிடும். மங்கில் சேர்ந்ததையும் மழைநீர் கெடுத்துவிடும். வேலை குறைந்தால் சம்பளமும் குறையும். செலவில்லாமல் பொழுதைக் கழிக்க, தோட்டப்புறங்களில் பலருக்குக் கைகொடுத்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த மர்ம நாவல். குளுவாங் போய் வந்தவர் ஒன்று வாங்கி வந்தால், அது லயத்தில் வீடு வீடாகச் சுற்றும்.

'கண்ட புத்தகம்' என்று பெரியவர்கள் திட்டியது இதைத்தான். சில அட்டைப்படங்களைப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ் வாசிப்பு நின்றுவிடாமல் பலரைக் காத்தது இந்த நாவல்கள்தான் என்பது என் கருத்து. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். அப்படியே வகுப்பு அமைந்தாலும், பாடநூலுக்கு வெளியே வாசிக்க ஆசை வர வேண்டுமே!

இந்தக் கதைகளின் அமைப்பே அதற்கு உதவியது. 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய கோவை ராஜேஷ்குமாரின் உத்தியைக் கவனியுங்கள். ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் தொடர்பே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் எங்கே சந்திக்கும் என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும். சிறிய வாக்கியங்கள், நிறைய உரையாடல். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது; ஒரு மழை நாளில் முடித்துவிடலாம்.

அவருக்கு முன்னால், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நினைவில் நிற்கும் 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன், தேநீர்ப் பிரியரான சங்கர்லாலைப் படைத்தார். சுஜாதா, கணேஷ்-வசந்த் என்ற வழக்கறிஞர் ஜோடியைத் தந்தார். அவருடைய 'பிரியா' நாவல் லண்டனில் நடப்பது. 1978-இல் ரஜினிகாந்த் நடித்துப் படமானபோது கதை ஜொகூருக்கு அக்கரையில் உள்ள சிங்கப்பூருக்கு மாறியது. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுபவர்கள் இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பால்மரம் போய் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கு மாறின. வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இந்தப் புத்தகங்கள்தான். மட்டமான தாள் என்பதால் மீதியைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொள்கின்றன. வீசுவதற்கு முன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வாசித்தவரின் பெயரும் தோட்டமும் எழுதப்பட்டிருக்கலாம். அந்தத் தோட்டம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாமல், காற்றாடிக்கு அடியில் விரித்து உலர்த்துங்கள். பிறகு தரையில் படாமல் அலமாரியில் நிற்க வையுங்கள்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டால், தேவனின் 'துப்பறியும் சாம்பு'வில் தொடங்கலாம். ரத்தம் அதிகமில்லை, சிரிப்பு நிறைய. அசட்டு வங்கி குமாஸ்தா ஒருவர், தடுமாறித் தடுமாறியே குற்றவாளிகளைப் பிடித்துவிடுவார். அடுத்தது சுஜாதா. ராஜேஷ்குமாரை அவர்களே தேடிக்கொள்வார்கள்.