பழைய காருக்குப் புதுச் சாயமா? வேண்டாம்!

பழைய காரை விற்பதென்றால், பளபளவென்று சாயம் பூசி விற்கத்தானே நமக்குத் தோன்றும்? அமெரிக்காவில் பழங்காலக் கார்களைத் தேடி வாங்குகிறவர்களின் கணக்கே வேறு!

1957-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரைப் பாருங்கள். பின்புறம் மீன் துடுப்புப் போல் நிமிர்ந்து நிற்கும். கூரையை மடக்கும் வகைக்குத்தான் விலை அதிகம். நான்கு கதவுள்ள குடும்பக் காருக்குக் குறைவுதான். ஆனால், தொழிற்சாலையில் பூசிய சாயம் அப்படியே இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. ஏன் தெரியுமா? புதுச் சாயத்தின் அடியில் துருவை ஒளித்துவிடலாம். பழைய சாயம் எதையும் ஒளிக்காது!

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள எண் 'விசி57' என்று தொடங்கினால் எட்டு சிலிண்டர் பெல் ஏர். வெறும் 'சி57' என்றால் ஆறு சிலிண்டர். இன்ஜினை மாற்றிவிட்டு "அசல்" என்று சொன்னால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

மைல் காட்டும் கருவியை மட்டும் நம்பவும் முடியாது. அதில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைலைத் தாண்டினால் மறுபடியும் பூஜ்யம்! ஆகவே, பழைய பழுதுபார்ப்பு ரசீதுகள்தாம் சாட்சி.

தகப்பனார் விட்டுச்சென்ற காரைப் பிள்ளைகள் அவசரப்பட்டுச் சாயம் பூசினால், பூசிய செலவும் போகும், காரின் மதிப்பும் போகும். கழுவித் துடைத்தால் போதும். கழற்றிய பழைய பாகங்களையும் ரசீதுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாற்றியதை மாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

நம் வீட்டுப் பழம்பொருளுக்கும் இது பொருந்தும். விற்குமுன் ஒரு முறை விசாரியுங்கள்!